புதிய செயின்சா: பெட்டியைப் பிரித்துச் சோதித்துக் கொடுப்பதே வியாபாரம்



உளுந்து மூட்டை வந்து இறங்கினால் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் வரவு வைப்பதில்லை. மிளகாய் வற்றலைக் கையில் எடுத்து ஒடித்துப் பார்க்கிறோம். துவரம் பருப்பைப் பல்லில் கடித்துப் பார்க்கிறோம். ஆனால் ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஓர் இயந்திரத்தை மட்டும், ஒட்டிய பெட்டியை ஒட்டியபடியே வாடிக்கையாளர் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இது சரியா என்று சிந்திக்கவே இக்கட்டுரை.

மரம் அறுக்கும் செயின்சா ஒரு காலத்தில் மரக் கடைக்காரர்களுக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னையை வேரோடு பிடுங்கிப் போட்டது. விழுந்த மரங்களை அகற்றக் கோடரியும் ஆளும் போதவில்லை. அதன்பின் தோப்பு வைத்திருப்பவர்கள் பலர் சொந்தமாகவே ஒரு செயின்சா வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். மளிகையோடு உரம், மருந்து தெளிப்பான், குழாய் சாமான்கள் வைத்திருக்கும் நம் கிராமத்து வணிகர்களும் இரண்டு மூன்று செயின்சா வாங்கி அடுக்கி வைக்கிறார்கள். விற்பனைக்கு நல்ல சரக்குதான். ஆனால் இது சோப்புக் கட்டி அல்ல. பெட்டியோடு விற்றால் பெட்டியோடு திரும்பி வரும். சில சமயம் வழக்கோடும் வரும்.

திண்டுக்கல்லில் எங்கள் மொத்தக் கடைக்குப் பழுதாகி வரும் புது இயந்திரங்களில், தயாரிப்பிலேயே குறையுள்ளவை சொற்பமே. பெரும்பாலானவை சரியாகப் பூட்டாததாலும், எண்ணெய் கலக்கத் தெரியாததாலும், கார்புரேட்டரைச் சரிபார்க்காததாலும் கெட்டவை. ஒரு சில்லறைக் கடையில் பெட்டியோடு வாங்கிச் சென்ற தென்னந்தோப்புக்காரர் ஒருவர், நான்காம் நாளே பிஸ்டன் பிடித்துப்போன இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். செயினுக்கு ஊற்ற வேண்டிய ஆயிலையே பெட்ரோலிலும் கலந்திருக்கிறார். “ரெண்டும் ஆயில்தானேங்க, யாரும் வேற வேறன்னு சொல்லலையே” என்றார். அவர் கேட்டதில் தவறு என்ன? விற்றவர்தானே சொல்லியிருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கடைப்பிடிக்கும் முறையை வரிசையாக எழுதுகிறோம். ஓர் இயந்திரத்துக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். மெக்கானிக் தெரிந்த பையன் ஒருவன் கடையில் இருந்தால் போதும்.

1. பெட்டியைப் பிரித்தல்

பெட்டியின் மேல் உள்ள வரிசை எண்ணும் இயந்திரத்தின் மேல் உள்ள வரிசை எண்ணும் ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள். இன்ஜின், பார், செயின், பாருக்கான உறை, ஸ்பேனர், கலவை பாட்டில், கையேடு, உத்தரவாத அட்டை எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து பாரும் செயினும் ஒன்றுக்கொன்று சேருமா என்று பார்க்க வேண்டும். பாரின் அடிப்பகுதியில் எண்கள் பொறித்திருக்கும். ஒன்று பிட்ச்: 0.325 அல்லது 3/8 அங்குலம். மற்றொன்று செயின் ஓடும் பள்ளத்தின் அகலம்: 0.050, 0.058, 0.063 அங்குலம் என்று இருக்கும். மூன்றாவது, செயினின் அடிப்பல் எண்ணிக்கை. இம்மூன்றும் பொருந்த வேண்டும். பிட்ச் மாறினால் செயின் ஸ்பிராக்கெட்டைத் தின்றுவிடும். பள்ளம் அகலமாகவும் செயின் மெல்லியதாகவும் இருந்தால் அறுப்பு கோணலாகப் போகும். பார், செயின் தனியாக வாங்கிச் சேர்த்து விற்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

2. பாரும் செயினும் பூட்டுதல்

கையில் உறை போட்டுக்கொண்டுதான் செயினைத் தொட வேண்டும். முன்கைக் காப்பைத் தன் பக்கம் இழுத்து பிரேக்கை விடுவித்த பிறகே பக்க மூடியைக் கழற்றுங்கள். பாரின் மேல் விளிம்பில் வெட்டும் பற்களின் முனை, பாரின் மூக்கு நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் பூட்டிய செயின் அறுக்காது. மரத்தைத் தேய்த்துப் புகை கிளப்பும். இப்படிப் பூட்டிக்கொண்டு “பல் மழுங்கிவிட்டது” என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு.

இறுக்கும் திருகின் முளை பாரின் துளைக்குள் உட்கார்ந்ததா என்று பார்த்து, பாரின் மூக்கைச் சற்றுத் தூக்கிப் பிடித்தபடி இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டபடி இருக்க வேண்டும். அதே சமயம் கையால் இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். இதுதான் அளவு. புதுச் செயின் ஓடத் தொடங்கியதும் நீளும். எனவே சோதனை ஓட்டத்துக்குப் பின் ஆறவிட்டு மீண்டும் ஒருமுறை இறுக்க வேண்டும். சூடாக இருக்கும்போது இறுக்கி அப்படியே விட்டால், ஆறியதும் செயின் சுருங்கி கிராங்க் பேரிங்கை இழுக்கும்.

3. இரண்டு மூடி, இரண்டு எண்ணெய்

இயந்திரத்தில் இரண்டு மூடிகள் உண்டு. ஒன்று பெட்ரோல் கலவைக்கு; மற்றொன்று செயின் ஆயிலுக்கு. எங்கள் கடையில் இரண்டிலும் பெயின்டால் அடையாளம் போட்டே கொடுக்கிறோம்.

இது டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலோடு கலந்து போகும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கு உயவு. கையேட்டில் 25-க்கு 1 என்றிருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. எண்ணெய், 40-க்கு 1 என்றால் 25 மி.லி.; 50-க்கு 1 என்றால் 20 மி.லி. காற்றால் குளிரும் டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குரிய எண்ணெயே போட வேண்டும். லாரிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் கூடாது. செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றுவதும் கூடாது. அதிலுள்ள கசடு ஆயில் பம்பை அடைத்துவிடும்.

இக்காலத்தில் இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடி நீரில் உயவு எண்ணெய் இராது. டேங்கின் அடியிலிருந்து உறிஞ்சும் இன்ஜினுக்கு அதுவே எமன். பல கையேடுகளில் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் கூடாது என்று எழுதியிருக்கும். அப்படிப்பட்ட மாடலை வாங்குமுன் நம் ஊர்ப் பெட்ரோலுக்கு அது தகுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேவைக்கு மட்டும் கலக்கவும், ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைக்காதிருக்கவும் வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

4. ஓட்டிப் பார்த்தல்

இயந்திரத்தைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் வலது காலின் முன்பகுதியை ஊன்றி, இடது கையால் முன்கைப்பிடியை அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். பிரேக் போட்டிருக்க வேண்டும். ஒரு கையில் தூக்கிப் பிடித்து மறு கையால் இழுப்பது வேண்டவே வேண்டாம். முதல் வெடிச் சத்தம் கேட்டதும் சோக்கைத் தள்ளிவிட்டு மீண்டும் இழுங்கள். ஓடத் தொடங்கியதும் விசையை ஒரு தட்டுத் தட்டினால் வேகம் இறங்கும். பிறகு பிரேக்கை விடுவியுங்கள். பிரேக் போட்டபடியே ரேஸ் செய்துகொண்டிருந்தால் கிளட்ச் கருகும்.

இரண்டு மூன்று நிமிடம் சூடேறட்டும். பிறகு பாரின் மூக்கை ஒரு வெள்ளை அட்டைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்துச் சற்று வேகம் கொடுங்கள். சிறிது நேரத்தில் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் ஆயில் பம்பையோ துளையையோ பாருங்கள். எண்ணெய் வராத பாரும் செயினும் முதல் நாளே நீலம் பாய்ந்துவிடும்.

5. கார்புரேட்டரைச் சரி செய்தல்

இது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. பெரும்பாலான செயின்சாக்களில் மூன்று திருகுகள் இருக்கும். ‘எல்’ என்பது குறைந்த வேகத்துக்கான பெட்ரோல் அளவு. ‘எச்’ என்பது முழு வேகத்துக்கான பெட்ரோல் அளவு. ‘டி’ அல்லது ‘எல்.ஏ.’ என்பது ஐட்லிங் வேகம். எல், எச் இரண்டையும் வலப்புறம் திருப்பினால் பெட்ரோல் குறையும்; இடப்புறம் திருப்பினால் கூடும். ஸ்டில் கம்பெனியின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோ டியூன் போன்ற மாடல்கள் தாமே கலவையைச் சரி செய்துகொள்பவை. அவற்றில் நாம் கை வைக்க வேலையில்லை.

திருப்புளியை எடுக்குமுன் ஏர் ஃபில்டர் சுத்தமாக உள்ளதா, கலவை சரியா, செயின் அதிக இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். இவை சரியில்லாமல் திருகைத் திருப்புவது, காய்ச்சலுக்குக் காரணம் பாராமல் மாத்திரை கொடுப்பது போன்றது.

முதலில் எல். இன்ஜின் சூடான நிலையில் மெல்ல வலப்புறம் திருப்பி, ஐட்லிங் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து கால் சுற்று இடப்புறம் திருப்பி விடுங்கள். விசையைத் தட்டினால் திக்காமல் வேகமெடுக்க வேண்டும். அடுத்து டி. செயின் மெல்ல நகரத் தொடங்கும்வரை கூட்டி, பிறகு செயின் முற்றிலும் நிற்கும்வரை குறையுங்கள். ஐட்லிங்கில் செயின் ஓடும் இயந்திரம் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. எந்த அவசரமானாலும் கூடாது.

கடைசியாக எச். ஆபத்து இங்கேதான் உள்ளது. பெட்ரோலைக் குறைத்தால் சத்தம் கீச்சென்று கூர்மையாகி வேகம் கூடும். வாங்க வந்தவரும் “ஆகா, என்ன வேகம்” என்று மகிழ்வார். ஆனால் பெட்ரோல் குறையும்போது அதோடு வரும் உயவு எண்ணெயும் குறைகிறது, சூடோ கூடுகிறது. சில டேங்கில் பிஸ்டன் பிடித்துவிடும். சரியான நிலையில், மரத்தில் வைக்காமல் முழு விசை கொடுத்தால் சத்தம் சற்றுப் ‘படபட’வென்று தடித்து ஒலிக்கும். மரத்தில் வைத்ததும் அந்தத் தடிப்பு மறைந்து சீராகும். இதுதான் அடையாளம். சுமையின்றி முழு விசையில் சில நொடிகளுக்கு மேல் பிடிக்காதீர்கள்.

காதை மட்டும் நம்பாமல் வேகமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐட்லிங் பல மாடல்களில் நிமிடத்துக்கு 2,700 முதல் 3,000 சுற்று வரை இருக்கும். முழு வேகத்துக்குக் கையேட்டில் சொன்ன எல்லையை ஒரு சுற்றும் தாண்டக் கூடாது. புது இயந்திரத்துக்கு எல்லையைவிடச் சற்றுக் குறைவாகவே வையுங்கள். கொஞ்சம் புகை வந்தால் மோசமில்லை. புகையும் இன்ஜின் பிழைக்கும். காயும் இன்ஜின் சாகும். நாலைந்து டேங்க் ஓடிய பின் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு மறுபடி சரி செய்து கொடுங்கள். அப்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்து ஈரமாக இருந்தால் கூடுதல்.

திருகுகளின் மேல் கம்பெனி போட்ட கட்டுப்பாட்டு மூடி இருந்தால் அதை உடைக்காதீர்கள். அந்த எல்லைக்குள் சரியாகவில்லையென்றால் கம்பெனி மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

6. மலையும் சமவெளியும்

மலை ஊர் வணிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதனால் சமவெளியில் சரி செய்த இயந்திரம் அங்கே பெட்ரோல் கூடிப் புகைக்கும், வலுக் குறையும். மெக்கானிக் எச் திருகை வலப்புறம் திருப்பிச் சரி செய்வார். அது அங்கே சரி. ஆனால் அதே இயந்திரத்தை வத்தலக்குண்டுத் தோப்புக்காரர் வாங்கிக் கீழே கொண்டுவந்தால், அடர்ந்த காற்றில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் பிடிக்கும். மேலே போனால் புகை, கீழே வந்தால் பகை என்று நாங்கள் பையன்களுக்குச் சொல்வது வழக்கம். ஆகவே “எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள்?” என்பதே வாடிக்கையாளரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

7. உயிர் காக்கும் சோதனைகள்

பின்கைப்பிடியின் மேலுள்ள பூட்டை அழுத்தாமல் விசை அமுங்கக் கூடாது. நிறுத்தும் சுவிட்சைத் தட்டியதும் இன்ஜின் நிற்க வேண்டும். ஐட்லிங்கில் பிரேக்கைப் போட்டு, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, மூன்று நொடிக்கு மேற்படாமல் விசை கொடுத்தால் செயின் அசையக் கூடாது. செயின் அறுந்தால் தடுக்கும் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரத்தைச் சாய்த்துப் படுக்க வைத்தால் இரு மூடியிலும் கசிவு இருக்கக் கூடாது.

சோதனை முடிந்ததும் கலவையை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட விடுங்கள். பெட்ரோலோடு மாதக்கணக்கில் அலமாரியில் நின்றால் கார்புரேட்டர் பிசின் பிடிக்கும். பேருந்தில் பெட்ரோலோடு கொண்டு போவதும் தீ விபத்துக்கு வழி.

8. வாங்குபவருக்குப் பத்து நிமிடம்

சோதித்ததோடு வேலை முடியவில்லை. வாங்குபவரையே ஒருமுறை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று: பாரின் மூக்கின் மேற்பகுதி மரத்திலோ கிளையிலோ பட்டால், இயந்திரம் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எகிறும். எனவே இரண்டு கையாலும் கட்டை விரல் சுற்றிப் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. கைலியும் தோளில் துண்டுமாக ஓட்டக் கூடாது. இதன் சத்தம் 100 டெசிபலுக்கு மேல் போகும். காதுக்குக் காப்பு வேண்டும். தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்ஸ் ஆகியவற்றையும் கடையில் வைத்து விற்றால் அவருக்குப் பாதுகாப்பு, நமக்கும் வியாபாரம். செயினுக்கேற்ற வட்ட அரம் ஒன்றும் கொடுங்கள்: 0.325 பிட்சுக்கு 4.8 மி.மீ. அரம்.

9. சட்டம் என்ன சொல்கிறது?

“கம்பெனி செய்த பொருள், நமக்கென்ன” என்று இனிச் சொல்ல முடியாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன் 86-ஆம் பிரிவு விற்பனையாளரின் பொறுப்பைத் தனியாகச் சொல்கிறது. பொருளைப் பூட்டுவதிலும் சோதிப்பதிலும் பராமரிப்பதிலும் தக்க கவனம் காட்டாமலோ, தயாரிப்பாளரின் எச்சரிக்கையையும் பயன்படுத்தும் முறையையும் வாங்குபவருக்குத் தெரிவிக்காமலோ விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளை விற்றாலும் பொறுப்பு நம்மேல்தான். பெயர் ஊர் இல்லாத மலிவுச் சரக்கை வாங்கி அடுக்குபவர்கள் இதை இருமுறை படிக்க வேண்டும்.

விற்பவர் பொருளை மாற்றி அமைத்து, அந்த மாற்றமே தீங்குக்கு முக்கிய காரணமானாலும் அவரே பொறுப்பு. ஆகவே கையேட்டின்படி சரி செய்வது நம் கடமை. பிரேக்கைக் கழற்றுவதும், கையேட்டில் இல்லாத நீளப் பார் மாட்டுவதும் வம்பு. அதே சட்டத்தின் 87-ஆம் பிரிவு, தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தால் விற்றவர்மேல் வழக்குத் தொடர முடியாது என்று நமக்கும் காப்பு தருகிறது. ஆனால் நம் கடையிலிருந்து எந்த நிலையில் பொருள் போனது என்று காட்ட நம் கையில் ஒரு காகிதம் வேண்டாமா?

அதற்காக இரண்டு படியில் ஒரு சோதனைச் சீட்டு போடுங்கள். மாடல், வரிசை எண், பார் செயின் அளவு, எண்ணெய் விகிதம், ஐட்லிங் வேகம், முழு வேகம், பிரேக் சோதனை, ஓட்டப்போகும் ஊர், சோதித்தவர் பெயர், தேதி, இவற்றின் கீழே “இயக்கும் முறையும் எச்சரிக்கைகளும் விளக்கப்பட்டன, கையேடு பெற்றுக்கொண்டேன்” என்று வாங்குபவர் கையெழுத்து. ஒரு படி பில்லோடு அவருக்கு. ஒரு படி நம் கோப்பில். நாளை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நின்றாலும் இந்தச் சீட்டு நமக்காகப் பேசும்.

ஒரு இயந்திரத்துக்குக் கால் லிட்டர் பெட்ரோல், பத்து மி.லி. எண்ணெய், அரை மணிக் கூலி. இதை விலையில் சேர்த்தே விற்கலாம். வாங்குபவர் மறுக்க மாட்டார். பெட்டியை மட்டும் விற்க, வீட்டு வாசலில் கொண்டுவந்து தரும் ஆன்லைன் வியாபாரம் இருக்கிறது. விலையில் அதோடு நாம் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் பூட்டி, ஓட்டி, சரி செய்து, கற்றுக்கொடுத்து அனுப்ப உள்ளூர்க் கடையால்தான் முடியும். நம் கடைக்குப் படியேறி வர அவருக்கு உள்ள காரணமே அதுதான். மருந்து தெளிப்பானோ, புல் வெட்டும் இயந்திரமோ, தண்ணீர் மோட்டாரோ எதுவானாலும் இதே வழக்கத்தைக் கொண்டுவருவோம். நம் கடையிலிருந்து போகும் இயந்திரம் வாங்கியவர் வீட்டில் வேலை செய்யட்டும். அதை ஓட்டியவர் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்பட்டும்.